பழைய கணினியில் ஒலியும் ஒளியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)





இன்று எமக்குத் தரப்பட்ட பொருள், இம்மேடையில் வழக்கமாகப் பேசப்படும் பொருள்களோடு ஒப்பிடின் மிகச் சிறியது. பழைய கணினியொன்றிற் படம் ஓடாவிடின், அன்றி ஒலி கேளாவிடின், யாது செய்வது என்பதே அது. "இதற்கும் ஒரு சொற்பொழிவா?" எனச் சிலர் எண்ணுதல் கூடும். நாமும் சென்ற ஆண்டு வரை அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியவர் எம்மூர்த் தாயார் ஒருவர். ஆதலின் அவர் வந்த கதையிலிருந்தே தொடங்குகின்றோம்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எமது சங்கத்தின் வாசிப்பறைக்கு அத்தாயார் ஓர் இறுவட்டுடன் வந்தார். 2004 ஆம் ஆண்டு, போர் ஓய்ந்திருந்த காலத்தில், இவ்வூரில் நடைபெற்ற அவருடைய மூத்த மகளின் திருமணப் படம் அது. 2009 ஆம் ஆண்டு தை மாதத்தில் நாமெல்லோரும் விசுவமடுவை விட்டுப் புதுக்குடியிருப்புத் திசையாக நடந்தபோது, பிறப்புச் சான்றிதழ்களோடும் காணி உறுதியோடும் ஒரே பையில் அதனையும் அவர் வைத்துக்கொண்டு போனாராம். நாம் அப்போது பெற்றோரின் கைபிடித்து நடந்த சிறுவர். அவ்வாண்டின் பின் அத்தாயாரின் கணவர் இல்லை. அவருடைய குரல் பதிவாகிய பொருள் அந்த இறுவட்டு ஒன்றே.

சங்கத்துக் கணினியில் அதனை இட்டோம். படம் ஓடிற்று, ஒலி சிறிதும் இல்லை. தாயார் திரையைப் பார்த்தபடியே, "தம்பியவை, அவற்றை குரல் இதுக்குள்ளைதான் கிடக்குது. வாய் அசையுது, கதைக்கிறது கேக்குதில்லை. இனிக் கேளாதோ?" என்றார். எமக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை.

மறுநாட் கணினியைப் பட்டினத்துக் கடையொன்றுக்குக் கொண்டு சென்றோம். "இது கிழட்டுப் பெட்டி. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக மென்பொருள் ஏற்றிப் பாருங்கள், சரிவராவிடின் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டுப் புதிதொன்று வாங்குங்கள்" என்றார்கள். அவ்வாறே செய்ய நாமும் துணிந்தோம். ஆனால் அக்கணினியின் வன்தட்டிலே, காடு வெட்டி இவ்வூரிற் குடியேறிய முதியோர் பலரிடம் எமது சங்கத்தார் கேட்டுப் பதிவு செய்த வரலாறுகள் இருந்தன. அவற்றுக்கு வேறு பிரதி இருக்கவில்லை. ஒரு பொத்தானை அழுத்தியிருப்போமாயின், ஒரு குரலைத் தேடப் போய்ப் பல குரல்களை இழந்திருப்போம். நல்வினையாக அன்று மின்சாரம் தடைப்பட்டது, வேலை நின்றது. இது எமது சாமர்த்தியம் அன்று என்பதை ஒளியாது கூறுகின்றோம்.

பின்னர் இரண்டு நாட்கள் எமது அறிவுக்கு எட்டியவாறெல்லாம் முயன்றோம். ஒரே நேரத்திற் படம் ஓட்டும் மென்பொருளை மாற்றினோம், இயக்கி மென்பொருளை அகற்றினோம், கம்பிகளைக் கழற்றிப் பூட்டினோம். முடிவில், முன்பு ஒலித்த பாடல்களும் ஒலியாது போயின. அப்போது வாசிப்பறைக்குப் பத்திரிகை படிக்க வந்த ஐயா ஒருவர் எம்மைப் பார்த்துச் சிரித்தார். அவர் ஐம்பது ஆண்டுகளாக நீரிறைக்கும் இயந்திரம் திருத்தியவர். "தம்பியவை, ஒரே நேரத்திலை பிளக்கையும் மாத்தி, காபரேற்றரையும் கழட்டி, குழாயையும் அறுத்தால், பிறகு எதாலை ஓடினதெண்டு ஆருக்குத் தெரியும்? ஒண்டைத் தொட்டால் ஒருக்கா ஓட்டிப் பாக்கோணும்" என்றார். மிஷன் பாடசாலையில் எமக்குப் பௌதிகம் கற்பித்த ஆசிரியரும், பரிசோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றவேண்டும் என்று பலமுறை கூறியிருக்கின்றார். ஆய்வுகூடத்திற் கேட்டதை வாசிப்பறையில் மறந்தோம். நாம் இன்று சொல்ல வந்ததும் இதுவே: பழையது என்பது ஒரு பிழையின் பெயர் அன்று. பிழை எங்கே இருக்கின்றது என்று தேடவேண்டும். தேடுமுன் உள்ளே இருப்பதைக் காக்கவேண்டும்.

மிளகாயும் வெங்காயமும் செய்து பெயர் பெற்ற இவ்வூரில், நீர் இறைக்கும் வழியை அறியாதார் இலர். கிணற்றிலே நீர் இருக்கவேண்டும், குழாயின் அடிவால்வு பழுதின்றி இருக்கவேண்டும், இயந்திரம் ஓடவேண்டும், குழாயில் ஓட்டை இருத்தலாகாது, வாய்க்கால் பாத்தி வரை திறந்திருக்கவேண்டும். பாத்தியில் நீர் வரவில்லை என்பதற்காக எவரும் கிணற்றை மூடிவிடுவதில்லை. கணினியிற் படமும் ஒலியும் வருவதும் இவ்வாறே. முதலாவது, படம் அடங்கிய இறுவட்டு அல்லது கோப்பு. இரண்டாவது, அதனைத் திறந்து ஓட்டும் மென்பொருள். மூன்றாவது, கணக்கிடும் செயலியும் நினைவகமும். நான்காவது, இயங்குதளமும், ஒலி அட்டை முதலியவற்றை அதனோடு இணைக்கும் இயக்கி மென்பொருளும். ஐந்தாவது, கம்பியும் ஒலிபெருக்கியும் திரையும். இவ்வைந்தில் ஒன்று அறுந்தாலும் பாத்தி காய்ந்துவிடும்.

இத்தகைய தேடல் எம் பெரியோர்க்குப் புதியது அன்று. 1990களிற் பொருளாதாரத் தடை நிலவியபோது வடபகுதியில் மின்சாரம் இருக்கவில்லை. வானொலிக்குரிய மின்கலங்களும் தடைசெய்யப்பட்டிருந்தன. அக்காலத்திற் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவில் வந்த மின்னால் வானொலி கேட்டவர்கள் இந்த அவையிலே அமர்ந்திருக்கின்றார்கள். பெற்றோலுக்குப் பதிலாக மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டியவர்களும் இருக்கின்றார்கள். பெட்டி பேசவில்லை என்றவுடன் அவர்கள் அதனை எறிந்துவிடவில்லை. எதற்கு எது குறைகின்றது என்று பார்த்தார்கள். அப்பழக்கத்தையே கணினிக்கும் கொண்டுவரும்படி இளைஞர்களை வேண்டுகின்றோம்.

இனிச் செய்முறைக்கு வருவாம்.

முதலில், எதனையும் திருத்தத் தொடங்குமுன் உள்ளிருக்கும் அரிய கோப்புகளை வேறோர் வன்தட்டிற் பிரதி செய்துகொள்ளுங்கள். வன்தட்டிலிருந்து "டிக், டிக்" என்ற ஒலி தொடர்ந்து வருமாயின், அதனை மேலும் ஓடவிடாது நிறுத்தி, அறிந்தவரிடம் கொடுங்கள். அடுத்து, நலமாக உள்ளது என்று தெரிந்த ஒன்றை வைத்து ஒப்பிடுங்கள். ஓடாத கோப்பை வேறு கணினியில் ஓட்டிப் பாருங்கள். ஓடும் என்று தெரிந்த கோப்பை இக்கணினியில் ஓட்டிப் பாருங்கள். இவ்விரண்டு சோதனைகளால் பிழை கோப்பிலா பெட்டியிலா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். மாற்றியவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் நலம்.

ஒலி கேளாத இடத்து, எளிதானவற்றை முதலிற் பாருங்கள். ஒலியளவு குறைக்கப்பட்டோ முற்றாக நிறுத்தப்பட்டோ இருக்கலாம். ஒலிபெருக்கியின் கம்பி பெட்டியின் பச்சை நிறத் துளையிற் பொருந்தவேண்டும். இளஞ்சிவப்பு ஒலிவாங்கிக்கு உரியது, நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே எடுப்பதற்கு உரியது. பின்னர் ஒரு காதணி ஒலிபெருக்கியைப் பூட்டிப் பாருங்கள். அதில் ஒலி கேட்குமாயின் பழுது பெரிய ஒலிபெருக்கியிலோ அதன் கம்பியிலோ உள்ளது. அதிலும் கேளாவிடின், ஒலி எவ்வழியே வெளியேற வேண்டும் என்று கணினிக்குக் கட்டளை இடப்பட்டிருக்கின்றது எனப் பாருங்கள். ஒலி அமைப்புப் பகுதியில் அது எழுதப்பட்டிருக்கும். கணினியை எச்.டி.எம்.ஐ. கம்பியால் தொலைக்காட்சியோடு இணைத்தால், ஒலி தொலைக்காட்சிக்குத் திருப்பப்படுவதுண்டு. கம்பியைக் கழற்றிய பின்னும் சில வேளைகளில் அக்கட்டளை மாறாது நின்றுவிடும். இயக்கி மென்பொருளைத் தொடுவது இவையெல்லாம் பார்த்த பின்னரே.

சங்கத்துக் கணினியில் நடந்தது இதுவே. வாணி விழாவன்று அதனைத் தொலைக்காட்சியோடு இணைத்தவர்கள் நாமே. ஒலி அன்று முதல் அங்கில்லாத தொலைக்காட்சியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நாம் அகற்றிய இயக்கியைத் திரும்ப நிறுவி, ஒலியை ஒலிபெருக்கிக்குத் திருப்பியதும் நாதஸ்வரம் கேட்டது. ஆயினும் எமது மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பந்தி பரிமாறும் கட்டம் வந்தவுடன் படம் உறைந்து நின்றுவிட்டது. அத்தாயாரின் கணவர் பேசும் இடமும் அதுவேயாம்.

படம் தடைப்படுவதற்கு மூன்று வகைக் காரணங்கள் உள. முதலாவது, பதிந்த பொருளின் பழுது. எம்மிடம் வந்தது 1993 ஆம் ஆண்டிற் தோன்றிய வீ.சி.டி. என்னும் முறையிற் பதியப்பட்டது. எமது நாட்டு முறையில் அதன் படம் அகலத்தில் 352 புள்ளிகளும் உயரத்தில் 288 புள்ளிகளும் கொண்டது. மிகப் பழைய கணினிக்கும் அது சுமை அன்று. ஆயின், அதிகப் படத்தை அடக்கும் பொருட்டு, கணினிக் கோப்புகளைப் பதியும் இறுவட்டிலும் பார்க்கக் குறைந்த பிழைதிருத்தக் குறிகளே அதில் இடப்படுகின்றன. ஆதலாற் கீறல் விழுந்த இடத்தில் அது எளிதில் இடறும். இறுவட்டை மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்கவேண்டும், வட்டமாகத் துடைத்தலாகாது. ஓர் இயக்ககம் வாசிக்க மறுத்ததை வேறோர் இயக்ககம் வாசிப்பதும் உண்டு.

இரண்டாவது, மொழி தெரியாமை. படக்கோப்பு என்பது ஒரு பொதி. ஏவிஐ, எம்பி4, எம்கேவி என்பன பொதியின் பெயர்களே. உள்ளே படமும் ஒலியும் எம்முறையிற் சுருக்கப்பட்டன என்பதை அவை முற்றாகச் சொல்லமாட்டா. சுருக்கவும் விரிக்கவும் உதவும் முறைக்குக் கொடெக் என்று பெயர். ஒலி வந்து படம் வராவிடின், அல்லது படம் வந்து ஒலி வராவிடின், ஒன்றுக்குரிய கொடெக் அங்கில்லை என ஐயுறலாம். இதற்குப் பல மென்பொருள்களைத் தேடி ஏற்றவேண்டியதில்லை. "கொடெக் பொதி" என்ற பெயரில் இணையத்தில் வருவனவற்றுட் சில தீய மென்பொருள்களையும் கொண்டுவரும். வீ.எல்.சி. என்னும் மென்பொருள் பெரும்பாலான கொடெக்குகளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கின்றது, விலையும் இல்லை. 1996 ஆம் ஆண்டிற் எக்கோல் சென்றால் பாரிஸ் என்னும் கல்விநிலையத்தில் மாணவர்கள் தொடங்கிய வேலை அது. 2001 ஆம் ஆண்டில் யாவரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை தந்து வெளியிட்டார்கள். அவர்களும் எம்போன்ற மாணவர்களே என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்ளுதல் நன்று. படமும் ஒலியும் ஒன்றுக்கொன்று முந்திப் பிந்தி வரின், அதனைச் சரிசெய்யும் வசதியும் அதில் உண்டு.

மூன்றாவது, வலிமைக் குறைவு. எச்.264 என்னும் கொடெக் 2003 ஆம் ஆண்டிலும் எச்.265 என்பது 2013 ஆம் ஆண்டிலும் வந்தன. பின்னது கோப்பைச் சிறிதாக்கும். ஆனால் விரிப்பதற்குக் கணக்கு மிகுதி. புதிய கணினிகளில் அதற்கெனத் தனிப் பகுதி உண்டு. இன்ரெல் நிறுவனத்தின் செயலிகளில் 2015 ஆம் ஆண்டின் ஆறாந் தலைமுறை முதற்கொண்டே அது செம்மையாக அமைந்தது. அதற்கு முந்திய பெட்டிகள் முழுக் கணக்கையும் பொதுச் செயலியாலே செய்யவேண்டி இருத்தலால் மூச்சுத் திணறுகின்றன. ஹான்ட்பிறேக் என்னும் இலவச மென்பொருளால் கோப்பை எச்.264 முறைக்கும் 480 வரி அளவுக்கும் மாற்றிக்கொண்டால், பழைய கணினியும் தடையின்றி ஓட்டும். மூலக்கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். இணையத்திற் பார்ப்பதாயின் படத் தரத்தைக் குறைத்துப் பாருங்கள். இடையில் நின்று நின்று ஓடுவது கணினியின் குறையன்றி இணைய வேகத்தின் குறையாகவும் இருக்கலாம்; ஏற்கெனவே வன்தட்டில் உள்ள படம் நன்றாக ஓடுமாயின் கணினியைக் குறைகூற இடமில்லை.

எம்மூர்ச் செம்மண் புழுதியும் ஒரு காரணம். விசிறியிற் புழுதி அடைந்தால் செயலி சூடேறும். சூடேறியதும் தன்னைக் காக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பின்னர் தடுமாறும் கணினியில் முதலில் விசிறியைப் பாருங்கள். மின் இணைப்பைக் கழற்றிய பின்பே மெல்லிய தூரிகையால் துடைக்கவேண்டும். மின்வழங்கிப் பெட்டியையும், பழைய கண்ணாடிக் குழாய்த் திரையையும் திறக்கவே வேண்டாம். மின்னைத் துண்டித்த பின்னும் உயிரைப் பறிக்கத்தக்க மின்னேற்றம் அவற்றில் நிற்கும்.

இன்னுமொன்று கூறுவோம். 2020 ஆம் ஆண்டிற் பெருந்தொற்றாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, எம் தம்பி தங்கையர் படப்பாடங்களை நம்பியே படித்தனர். அந்நாட்களில் எமது வீட்டுக் கணினியில் எந்த இணையத்தளமும் திறக்கவில்லை, பாடமும் ஓடவில்லை. பல நாள் கழித்தே கண்டோம், அதன் கடிகாரம் பல ஆண்டு பின்தங்கி நின்றது. பாதுகாப்பான இணையத்தளம் ஒவ்வொன்றும் தன் சான்றிதழிற் செல்லுபடியாகும் காலத்தைக் குறித்து வைத்திருக்கின்றது. கணினியின் தேதி பிழைத்தால் அச்சான்றிதழை அது ஏற்பதில்லை. மூலப்பலகையில் உள்ள சீ.ஆர். 2032 என்னும் நாணயம் போன்ற மின்கலம் செத்துப்போனதே காரணம். அதனை மாற்றித் தேதியைத் திருத்தியதும் பாடம் ஓடிற்று. ஒரு சிறு மின்கலத்துக்காக ஒரு பிள்ளையின் படிப்பு ஒரு தவணை பின்தங்கியது.

பழைய இயங்குதளங்களைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஆம் ஆண்டிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஆம் ஆண்டிலும், விண்டோஸ் 10க்கு 2025 ஆம் ஆண்டிலும் வழக்கமான பாதுகாப்பு உதவி முடிந்துவிட்டது. அத்தகைய கணினியை வங்கி வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் இணையமின்றி வைத்திருக்கலாம். இணையம் வேண்டுமாயின், லுபுண்டு போன்ற இலகுவான லினக்ஸ் இயங்குதளத்தை, கோப்புகளைப் பிரதி எடுத்த பின், நிறுவலாம்.

பெரியோர்களே, எந்தப் பெட்டியும் என்றோ ஒருநாள் ஓயத்தான் போகின்றது. அதற்குள் உள்ளதை வெளியே எடுத்தோமா என்பதே கேள்வி. இங்கிலாந்திலே 1086 ஆம் ஆண்டில் எழுதப்பட்ட டூம்ஸ்டே என்னும் நிலக்கணக்கு ஏட்டை இன்றும் வாசிக்கலாம். அதன் 900 ஆம் ஆண்டு நிறைவுக்கு, 1986 இல், பிபிசி நிறுவனம் மக்கள் வாழ்க்கையைப் படமும் எழுத்துமாக லேசர் வட்டுகளிற் பதிந்து வெளியிட்டது. பதினாறு ஆண்டு செல்வதற்குள், அவ்வட்டுகளை ஓட்டும் கருவி கிடைப்பதே அரிதாயிற்று. 2002 ஆம் ஆண்டளவில் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர் பெருமுயற்சி செய்தே அதனைப் புதிய கணினியில் மீட்டுக் காட்டினர். செல்வம் மிக்க நாட்டுக்கே இந்நிலையாயின் எம் நிலை என்ன?

1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. நெருப்பு அழித்ததை நாம் மறக்கவில்லை. ஆனால் அலுமாரியின் மேல்தட்டிற் கிடந்து, பூஞ்சணம் பிடித்து, ஒரு நெருப்பும் இன்றியே அழியும் ஒலிநாடாக்களையும் இறுவட்டுகளையும் எத்தனை பேர் நினைக்கின்றோம்? 2005 ஆம் ஆண்டிற் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பேணி வருகின்றது. ஒலி, ஒளிப் பதிவுகளையும் சேர்க்கின்றது. அவர்கள் ஒவ்வொரு வீட்டு அலுமாரியையும் வந்து திறக்க முடியாது. அதனை நாமே திறக்கவேண்டும்.

ஆதலின் இச்சபையிடம் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வாசிப்பறையைத் திறந்து வைப்போம். ஊரார் தம்மிடமுள்ள இறுவட்டு, ஒலிநாடா, பழைய கணினி எதுவாயினும் கொண்டுவரட்டும். ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பிரதிகள் எடுப்போம்; ஒன்று உரியவரிடமும், ஒன்று சங்கத்திலும், ஒன்று வேறூரில் உள்ள உறவினரிடமும் இருக்கட்டும். இளைஞர் கணினியைப் பார்க்கட்டும்; இயந்திரம் திருத்திய பெரியோர் அருகிருந்து, எங்கே அவசரப்படுகின்றோம் என்று சொல்லட்டும். இரு சாராரும் வேண்டும் என்பதை நாம் பட்டே அறிந்தோம்.

அத்தாயாரின் இறுவட்டுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பீர்கள். துடைத்து, நான்கு இயக்ககங்களில் மாறி மாறி இட்டுப் பார்த்தோம். நான்காவது அதனை வாசித்தது. உடனே வன்தட்டிற் பிரதி செய்துகொண்டு அவரை அழைத்தோம். பந்தியில் அவர் கணவர் ஒரு வாளியோடு நின்று, "இருங்கோ, இருங்கோ, சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்" என்கின்றார். அவர் அதிற் பேசுவது அவ்வளவே. தாயார் அதனைக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, திருப்பிப் போடு" என்றார். அன்று மாலை ஆறு முறை போட்டோம்.